தன்னையே சுட்டும் புதிர்கள்: முரண்பாடு வந்தால் எதைக் கைவிடுவது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பல வருடங்களாகச் சுற்றிவரும் கேள்வி ஒன்று இருக்கிறது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பயிற்சி மையங்களுக்குப் போகும் பிள்ளைகளும் அதைப் பார்த்திருப்பார்கள்.

"இந்தக் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விடையைத் தொட்டால், அது சரியாக இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு?
அ) 25%   ஆ) 50%   இ) 60%   ஈ) 25%"

ஒருவர் 25 என்பார், இன்னொருவர் 50 என்பார். வாக்குவாதம் முற்றியதும் யாராவது, "கணிதத்திலேயே விடை இல்லாத கேள்விகள் உண்டு என்று கோடெல் நிரூபித்துவிட்டார், விடுங்கள்" என்று முடித்துவைப்பார். இந்தப் பதிலில் இரண்டு தவறுகள் உள்ளன. இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. தர்க்கவியலாளர் கோடெல் நிரூபித்ததும் அதுவல்ல.

தன்னைப் பற்றித் தானே பேசும் வாக்கியங்கள் கடந்த 130 ஆண்டுகளில் கணிதத்தையும் தர்க்கத்தையும் கணினியியலையும் அடியோடு மாற்றியிருக்கின்றன. அந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: முரண்பாடு வந்து நிற்கும்போது, நாம் நம்பிவந்தவற்றில் எதைக் கைவிடுவது? சில இடங்களில் கைவிடுவது சுலபம். சில இடங்களில் ஒருவரின் வாழ்நாள் உழைப்பே போயிருக்கிறது. ஓரிடத்தில் இன்றுவரை முடிவாகவில்லை.

## முதலில் அந்தத் தேர்வுக் கேள்வி

ஒவ்வொரு விடையையும் சரி என்று வைத்துப் பார்ப்போம்.

1. 25% சரி என்றால், அது அ, ஈ என்று இரண்டு இடங்களில் இருக்கிறது. நான்கில் இரண்டு என்றால் வாய்ப்பு 50%. ஆகவே 25% சரியில்லை.
2. 50% சரி என்றால், அது ஓரிடத்தில்தான் இருக்கிறது. வாய்ப்பு 25%. ஆகவே 50% சரியில்லை.
3. 60% சரி என்றால், அதுவும் ஓரிடத்தில்தான். வாய்ப்பு 25%. அதுவும் போயிற்று.

கொடுத்த நான்கில் எதுவும் சரியில்லை. அப்படியானால் சரியான விடையைத் தொடும் வாய்ப்பு 0%. இதுதான் விடை. இதில் எந்த முரண்பாடும் இல்லை, ஏனென்றால் 0% என்பது பட்டியலுக்கு வெளியே இருக்கிறது.

இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்வோம். இ-யில் 60-ஐ அழித்துவிட்டு 0 என்று எழுதுங்கள். 0% சரி என்றால் அதைத் தொடும் வாய்ப்பு 25%. எனவே அது சரியில்லை. அது சரியில்லை என்றால் பட்டியலில் சரியான விடையே இல்லை, வாய்ப்பு 0%, எனவே இ சரி. சரி என்றால் சரியில்லை, சரியில்லை என்றால் சரி. உண்மையான முரண்புதிர் இங்கேதான் பிறக்கிறது.

தப்பிக்கும் வாசல் வெளியே இருந்தது. அதைப் பட்டியலுக்குள் இழுத்துக்கொண்டதும் வழி அடைபட்டது. இந்த ஒரு அசைவை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரப்போகும் கனமான பகுதிகளும் பிடிபடும்.

## முரண்பாடு வேறு, முரண்புதிர் வேறு

தன்னோடு தானே மோதும் பேச்செல்லாம் முரண்புதிர் ஆகிவிடாது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவை நூலை, அதாவது தர்க்கத்தை, விளக்கும்போது, பிழையான கூற்றுகளை வகை பிரிக்கிறார். அதில் ஒன்று சுவசன விருத்தம்: சொல்பவரின் சொல்லே சொல்லுக்கு மாறாக நிற்பது. அங்கே தரப்படும் எடுத்துக்காட்டு, "என் தாய் மலடி". இது முரண்பாடு, ஆனால் புதிர் அல்ல. கூற்று பொய் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. பொய் என்பதிலிருந்து வேறு எந்தச் சிக்கலும் முளைப்பதில்லை.

இரண்டு சொற்களை இங்கேயே வரையறுத்துவிடலாம்.

1. தற்சுட்டு: ஒரு வாக்கியமோ, தொகுப்போ, கணினி நிரலோ தன்னையும் உட்படுத்திப் பேசுவது.
2. முரண்புதிர்: நியாயமாகத் தோன்றும் அனுமானங்களிலிருந்து, பிழையில்லாத படிகள் வழியாக, ஏற்கவே முடியாத முடிவுக்கு வந்து சேர்வது.

தற்சுட்டு மட்டுமே இருந்தால் ஆபத்தில்லை. "இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன" என்பது தன்னைப் பற்றிப் பேசுகிறது. எண்ணிப் பார்த்தால் உண்மையும்கூட. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்து யூபுலிடிஸ் முன்வைத்ததாகச் சொல்லப்படும் வாக்கியம் அப்படிப்பட்டதல்ல: "நான் இப்போது சொல்வது பொய்." உண்மை என்றால் அது சொல்வது நடக்க வேண்டும், அதாவது அது பொய். பொய் என்றால் அது சொன்னபடியே ஆகிவிட்டது, அதாவது உண்மை. "என் தாய் மலடி"க்கு இருந்த தப்பிக்கும் வழி இதற்கு இல்லை.

"கிரேக்கத் தீவான கிரீட்டில் பிறந்தவர் எல்லாரும் பொய்யர்கள் என்று கிரீட்டுக்காரரான எபிமெனிடிஸ் சொன்னார்" என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அது இவ்வளவு வலுவானது அல்ல. அந்தக் கூற்றைப் பொய் என்று கொண்டால், உண்மை பேசும் கிரீட்டுக்காரர் எங்கோ ஒருவர் இருக்கிறார் என்றுதான் ஆகும். அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

நம் நாட்டில் இதைக் கவனித்தவர் பர்த்ருஹரி. சமஸ்கிருத, தமிழ்ச் சுவடிகளைப் படிப்பதற்கென்றே பெயர்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இயங்கும் புதுச்சேரியில் அவர் பெயர் அந்நியமானதல்ல. சுமார் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த இலக்கண மெய்யியலாளர், வாக்கியபதீயத்தில் "நான் சொல்வதெல்லாம் பொய்" என்ற கூற்றை எடுத்துக்கொண்டு, அப்படிச் சொல்பவர் அந்தக் கூற்றையே அதில் உட்படுத்திச் சொல்வதில்லை என்கிறார். உட்படுத்தினால் சொல்ல வந்ததே சொல்லப்படாமல் போய்விடும். அவர் கைவிடச் சொல்வது, ஒரு வாக்கியம் தன்னையும் தன் பொருளாகக் கொள்ளும் என்ற அனுமானத்தை. பதினைந்து நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியத் தர்க்கவியலாளர்கள் வந்து சேர்ந்த தீர்வுகளில் ஒன்று இதற்கு மிக அருகில் இருப்பதைக் கீழே பார்க்கலாம். இவரைப் பற்றித் தமிழில் இன்னும் நிறையப் பேச வேண்டும்.

## மூலைவிட்டம்: எல்லாவற்றுக்கும் பின்னால் உள்ள வடிவம்

1891இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் கியோர்க் கான்டர் ஒரு நிரூபணம் தந்தார். 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்ட முடிவில்லாத வரிசைகளை எடுத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட எல்லா வரிசைகளையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுப் பட்டியல் போட்டுவிட்டதாக ஒருவர் சொல்கிறார். அவருடைய பட்டியல் இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்ளலாம்:

1) 0 1 1 0 …
2) 1 1 0 0 …
3) 0 0 0 1 …
4) 1 0 1 1 …

முதல் வரிசையில் முதல் இலக்கம், இரண்டாவதில் இரண்டாவது, மூன்றாவதில் மூன்றாவது என்று மூலைவிட்டமாக இறங்குங்கள்: 0, 1, 0, 1. ஒவ்வொன்றையும் மாற்றிப் போடுங்கள்: 1, 0, 1, 0. கிடைக்கும் புதிய வரிசை பட்டியலில் எங்கும் இருக்க முடியாது. முதல் வரிசையோடு முதல் இலக்கத்தில் மாறுபடுகிறது, ஆயிரமாவது வரிசையோடு ஆயிரமாவது இலக்கத்தில் மாறுபடுகிறது. இங்கே கைவிட வேண்டியது "பட்டியல் முழுமையானது" என்ற நம்பிக்கையை. அதைக் கைவிட்டதால் நட்டம் எதுவும் இல்லை. முடிவிலிகளில் சிறியதும் பெரியதும் உண்டு என்ற அறிவு கிடைத்தது.

இதில் இரண்டு அசைவுகள்தான்: முதலில் ஒவ்வொன்றையும் அதனதன் எண்ணோடு சேர்த்துப் பார்ப்பது, பிறகு தலைகீழாக்குவது. இனி நாம் பார்க்கப்போகும் ரஸ்ஸல், கோடெல், டூரிங் மூவரும் செய்ததும் அதுதான்.

## ரஸ்ஸல்: ஒரு கடிதமும் ஒரு பின்னுரையும்

புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. அங்கே பிரிவுக்கு ஒன்றாக நிறைய நூற்பட்டியல்கள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். சில பட்டியல்கள் தம் பெயரையும் தமக்குள் சேர்த்திருக்கும், சில சேர்த்திருக்காது. நூலகர் இப்போது ஒரு புதுப் பட்டியல் போட நினைக்கிறார்: தம் பெயரைத் தமக்குள் சேர்க்காத எல்லாப் பட்டியல்களும் அதில் வர வேண்டும், மற்றவை வரக் கூடாது. இந்தப் புதுப் பட்டியல் தன் பெயரைத் தன்னுள் சேர்க்கலாமா? சேர்த்தால் சேர்க்கக் கூடாது, சேர்க்காவிட்டால் சேர்க்க வேண்டும்.

இதற்குப் பதில் எளிது: அப்படி ஒரு பட்டியலைப் போட முடியாது, அவ்வளவுதான். "தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளாதவர்களுக்கு மட்டும், அவர்கள் அத்தனை பேருக்கும், சவரம் செய்பவர்" என்ற பிரபலமான கதையும் இப்படியே தீரும். அத்தகையவர் கடலூரிலும் இல்லை, வேறெங்கும் இருக்கவும் முடியாது. அதனால் யாருக்கும் இழப்பில்லை.

பட்டியல் என்ற இடத்தில் கணம் என்று போட்டால்தான் இழப்பு தெரியும். கணம் என்பது பொருள்களின் தொகுப்பு, பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எண் கணிதம் முழுவதையும் தர்க்கத்திலிருந்தே எழுப்பிக்காட்ட ஜெர்மனியில் கோட்லோப் ஃப்ரேகெ பல ஆண்டுகள் உழைத்தார். அவருடைய அமைப்பில் எந்தப் பண்பைச் சொன்னாலும், அந்தப் பண்புள்ளவை எல்லாம் சேர்ந்து ஒரு தொகுப்பாகும் என்பது அடிப்படை விதியிலிருந்தே வந்துவிடும். கேட்பதற்கு இதைவிட அப்பாவியான விதி இருக்க முடியாது. கான்டரின் நிரூபணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1901இல் ஒரு பண்பைச் சொன்னார்: "தனக்குத்தானே உறுப்பாக இல்லாத கணம்". அந்தக் கணங்கள் எல்லாம் சேர்ந்த கணம் தனக்கு உறுப்பா? நூலகரின் சிக்கலேதான். ஆனால் இம்முறை "அப்படி ஒரு கணம் கிடையாது" என்று சொல்லித் தப்ப முடியாது, ஏனென்றால் அது உண்டு என்று ஃப்ரேகெயின் விதி உத்தரவாதம் தருகிறது.

1902 ஜூன் 16 அன்று ரஸ்ஸல் இதைக் கடிதமாக எழுதி அனுப்பினார். அப்போது ஃப்ரேகெயின் நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தது. ஒரே வாரத்துக்குள் ஃப்ரேகெ பதில் எழுதினார். 1903இல் வந்த நூலின் பின்னுரையில், தன் கட்டடத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டதை வெளிப்படையாகச் சொன்னார். மறைக்காமல், மழுப்பாமல் ஓர் அறிஞர் இப்படி நடந்துகொண்டது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரிய இடம்.

இதற்கு 1908இல் இரண்டு வழிகள் வெளிவந்தன.

1. ரஸ்ஸலின் வகைக் கோட்பாடு: பொருள்கள் ஒரு படி, பொருள்களின் கணங்கள் அடுத்த படி, கணங்களின் கணங்கள் அதற்கு மேல் படி. ஒரு கணம் தன் படிக்குக் கீழே உள்ளவற்றை மட்டுமே உறுப்பாகக் கொள்ளலாம். "தனக்குத்தானே உறுப்பு" என்று கேட்பதே இலக்கணப் பிழை ஆகிவிடுகிறது.
2. எர்ன்ஸ்ட் செர்மெலோவின் வழி: ஒரு பண்பைச் சொல்லிப் புதிதாகக் கணத்தை உருவாக்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு கணத்திலிருந்து அந்தப் பண்புள்ளவற்றைப் பிரித்தெடுக்க மட்டுமே முடியும்.

இன்று கணிதம் பெரும்பாலும் நிற்பது இரண்டாவது வழியின் விரிவாக்கத்தில். அதில் ரஸ்ஸலின் வாதம் முரண்புதிராக இல்லாமல் ஒரு தேற்றமாகிவிட்டது: எல்லாக் கணங்களையும் கொண்ட கணம் கிடையாது. அதே படிகள்தான், கைவிட்ட அனுமானம்தான் வேறு.

## கோடெல்: முரண்பாடே இல்லாத இடம்

பொதுவெளியில் அதிகம் தவறாகச் சொல்லப்படுவது இந்தப் பகுதிதான். அதனால் நிதானமாகப் போகலாம்.

ரஸ்ஸலின் அதிர்ச்சிக்குப் பிறகு டேவிட் ஹில்பர்ட் ஒரு திட்டத்தை முன்வைத்தார். கணிதம் முழுவதையும் தெளிவான அடிப்படை விதிகளாகவும் இயந்திரத்தனமான படிகளாகவும் எழுத வேண்டும். அந்த அமைப்பில் முரண்பாடு ஒருபோதும் வராது என்பதை ஐயத்துக்கு இடமில்லாத எளிய வழிகளால் நிரூபிக்க வேண்டும். 1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பெர்க் நகரில் ஹில்பர்ட், "நாம் அறிய வேண்டும், நாம் அறிவோம்" என்று உரையாற்றினார். அதே ஊரில் அதற்கு முந்தின நாள் ஒரு கருத்தரங்கில் 24 வயது குர்ட் கோடெல், தன் கண்டுபிடிப்பைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். கட்டுரை 1931இல் வெளிவந்தது.

அவர் செய்தது இதுதான்.

1. கணிதத்தின் ஒவ்வொரு குறிக்கும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும், ஒவ்வொரு நிரூபணத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்.
2. அதன் பிறகு "இந்த நிரூபணம் அந்த வாக்கியத்தை நிரூபிக்கிறது" என்பது இரண்டு எண்களுக்கு இடையிலான உறவாகிவிடுகிறது. எண்களைப் பற்றிப் பேசும் அமைப்பு, தன் நிரூபணங்களைப் பற்றியும் பேசத் தொடங்குகிறது.
3. மூலைவிட்ட உத்தியைப் பயன்படுத்தி, "இன்ன எண்ணுக்குரிய வாக்கியத்துக்கு இந்த அமைப்பில் நிரூபணம் இல்லை" என்ற வாக்கியத்தை அமைத்தார். அந்த "இன்ன எண்", அதே வாக்கியத்தின் எண். இதைக் கோ என்று அழைப்போம்.

யூபுலிடிஸ் "பொய்" என்று சொன்ன இடத்தில் கோடெல் "நிரூபணம் இல்லை" என்று வைத்தார். எல்லா வேறுபாடும் அங்கேதான். கோ-வுக்கு நிரூபணம் இருந்தால், அமைப்பு தவறான ஒன்றை நிரூபித்ததாகும். முரண்பாடில்லாத அமைப்பில் அது நடக்காது. ஆகவே நிரூபணம் இல்லை. கோ சொல்வதும் அதைத்தானே? எனவே கோ உண்மை. உண்மை, ஆனால் அந்த அமைப்புக்குள் நிரூபிக்க முடியாது. இதில் எங்கும் முரண்பாடு இல்லை. கைவிட வேண்டியது "ஒரே அமைப்பில் எண்களைப் பற்றிய உண்மைகள் எல்லாவற்றையும் நிரூபித்துவிடலாம்" என்ற நம்பிக்கையை மட்டுமே. இதன் தொடர்ச்சியாக, அத்தகைய அமைப்பு தன்னிடம் முரண்பாடு இல்லை என்பதைத் தானே நிரூபிக்க முடியாது என்றும் காட்டினார். ஹில்பர்ட்டின் திட்டத்துக்கு விழுந்த பெரிய அடி அது.

இதிலிருந்து வராத முடிவுகளையும் சொல்லிவிட வேண்டும்.

"கணிதம் ஓட்டை, நம்ப முடியாதது" என்பது வராது. கூட்டலும் பெருக்கலும் கொண்ட எண் கணிதம் முரண்பாடற்றது என்பதற்கு கெர்ஹார்ட் கென்ட்சன் 1936இல் நிரூபணம் தந்தார். அதற்கு அந்த எண் கணிதத்துக்கு வெளியே உள்ள ஒரு கருவி தேவைப்பட்டது என்பதுதான் விஷயம். "எல்லாக் கணித அமைப்பும் அரைகுறை" என்பதும் வராது. கூட்டல் மட்டுமே உள்ள எண் கணிதம் முழுமையானது என்று போலந்தின் பிரெஸ்பர்கர் 1929இலேயே காட்டியிருந்தார். அங்கே எந்தக் கேள்விக்கும் உண்டு, இல்லை என்று இயந்திரமே சொல்லிவிடும். "மனித மனம் இயந்திரத்தைவிட மேலானது என்று கோடெல் நிரூபித்துவிட்டார்" என்பதும் தேற்றத்தில் இல்லை. அதற்கு மேலும் பல அனுமானங்கள் வேண்டும், அவை ஒவ்வொன்றும் சர்ச்சைக்குரியவை.

வாசல் பற்றிச் சொன்னது இங்கே மறுபடி வருகிறது. கோ-வை ஒரு புதிய அடிப்படை விதியாகச் சேர்த்துக்கொண்டால் என்ன? தாராளமாகச் சேர்க்கலாம், கோ உடனே நிரூபணமாகிவிடும். ஆனால் இது இப்போது வேறொரு அமைப்பு, அதற்கென்று புதிதாக ஒரு கோ உண்டு. வெளியே இருந்ததை உள்ளே இழுத்தால், இன்னொன்று வெளியே முளைக்கிறது.

## டூரிங்: நிற்குமா, நிற்காதா?

செயற்கை நுண்ணறிவு இனி எல்லா மென்பொருள் பிழைகளையும் கண்டுபிடித்துவிடும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அதற்கு நேரடியாகப் பொருந்தும் முடிவு ஆலன் டூரிங் 1936இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருகிறது. இன்றைய மொழியில் அதன் சாரம் இது.

1. எந்த நிரலைக் கொடுத்தாலும், எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும், அது ஓடி முடிந்து நிற்குமா, இல்லை முடிவின்றிச் சுற்றுமா என்று தவறாமல் சொல்லும் ஒரு "சோதகன்" நிரல் இருப்பதாகக் கொள்வோம்.
2. அதை வைத்து "எதிரி" என்ற நிரலை எழுதுவோம். ஏதாவது ஒரு நிரலை எதிரியிடம் கொடுத்தால், அந்த நிரலுக்கு அதன் எழுத்தையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா என்று சோதகனிடம் கேட்கும். நிற்கும் என்று பதில் வந்தால் எதிரி முடிவின்றிச் சுற்றும். நிற்காது என்று வந்தால் உடனே நிற்கும்.
3. எதிரியிடம் எதிரியையே கொடுங்கள். நின்றால் நிற்கக் கூடாது, நிற்காவிட்டால் நிற்க வேண்டும்.

எதிரி எழுதுவதற்குச் சுலபமான நிரல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே இல்லாமல் போக வேண்டியது சோதகன்தான். கணினி எவ்வளவு வேகமானாலும், அதற்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், அப்படி ஒரு நிரல் வராது. 1953இல் ஹென்றி ரைஸ் இதை விரிவாக்கினார்: ஒரு நிரல் என்ன கணக்கிடுகிறது என்பதைப் பற்றிய எந்தக் கேள்வியையும், எல்லா நிரல்களுக்கும் ஒரே பதில் வரும் வெற்றுக் கேள்விகளைத் தவிர, எல்லா நிரல்களுக்கும் தவறாமல் தீர்க்கும் ஒரே வழிமுறை இல்லை.

இது தடுப்பது "எல்லா" என்ற சொல்லைத்தான். குறிப்பிட்ட ஒரு நிரல் சரியாக வேலை செய்யும் என்று நிரூபிக்கலாம், நிரூபித்தும் வருகிறார்கள். பெரும்பாலான பிழைகளைப் பிடிக்கும் கருவிகளும் இருக்கின்றன. அவை சில நல்ல நிரல்களையும் சந்தேகப்படும், அல்லது சில பிழைகளைத் தவறவிடும், அல்லது "தெரியவில்லை" என்று சொல்லும். இந்த மூன்றில் ஒன்றும் நடக்காது என்று வாக்குறுதி தரும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

## பொய்யர் வாக்கியம்: இன்னும் தீராத வழக்கு

பட்டியலிலும், கணத்திலும், நிரலிலும் எதைக் கைவிடுவது என்று தெரிந்துவிட்டது. "இந்த வாக்கியம் பொய்" மட்டும் அடங்கவில்லை. ஏனென்றால் அங்கே அனுமானமாக இருப்பது உண்மை என்ற சொல்லை நாம் பேசும் விதமே.

ஆல்ஃபிரட் டார்ஸ்கி 1933இல் ஒரு வழி சொன்னார். ஒரு மொழி தன் வாக்கியங்களில் எது உண்மை என்று தானே சொல்லக் கூடாது. அதைச் சொல்ல மேலே ஒரு மொழி வேண்டும், அந்த மேல்மொழியின் உண்மையைச் சொல்ல அதற்கும் மேலே ஒன்று. கணித மொழிகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு வாக்கியம் தன்னைத் தன் பொருளாகக் கொள்ளாது என்ற பர்த்ருஹரியின் எண்ணத்துக்கு மிக அருகில் இது வருகிறது. ஆனால் நாம் பேசும் தமிழில் படிகள் கிடையாது. "அவர் சொன்னது உண்மை" என்பதும் தமிழ், அவர் சொன்னதும் தமிழ்.

1975இல் சால் கிரிப்கி ஒரு முக்கியமான விஷயத்தைச் சுட்டினார்: தற்சுட்டு தற்செயலாகவும் வந்துவிடும். நம் ஊர்களை வைத்துப் பார்ப்போம். காலையில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு பேச்சாளர், "இன்று மாலை புதுச்சேரி ஏ.எஃப்.டி. மைதானத்தில் என் எதிராளி பேசப்போவது எல்லாமே பொய்" என்கிறார். மாலையில் எதிராளி ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு இறங்குகிறார்: "காலையில் மஞ்சக்குப்பத்தில் அவர் சொன்னது உண்மை."

காலைப் பேச்சு உண்மை என்றால் மாலைப் பேச்சு பொய், அப்படியானால் காலைப் பேச்சு உண்மையில்லை. காலைப் பேச்சு பொய் என்றால் மாலையில் பேசியதில் ஏதோ ஒன்று உண்மை. பேசியதோ ஒன்றே ஒன்று. அது காலைப் பேச்சை உண்மை என்கிறது. இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே பார்த்தால் சாதாரண அரசியல் பேச்சு. எதிராளி "இரண்டும் இரண்டும் நான்கு" என்று ஒரு வரி கூடுதலாகப் பேசியிருந்தால் காலைப் பேச்சு வெறும் பொய்யாகி, சிக்கலே வந்திருக்காது. இலக்கண விதி போட்டு இதைத் தடுக்க முடியாது. முரண்புதிர் ஆவதும் ஆகாததும் மாலையில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. கிரிப்கியின் தீர்வில் இத்தகைய வாக்கியங்கள் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. மதிப்புப் பெறாமல் நிற்கின்றன.

நல்ல வழிதான். ஆனால் உடனே ஒருவர் கேட்பார்: "இந்த வாக்கியம் உண்மையல்ல" என்று எழுதினால்? மதிப்பில்லை என்றால் அது உண்மையல்ல, அது சொல்வதும் அதுவே, எனவே உண்மை. தேர்வுக் கேள்வியில் 60-ஐ அழித்து 0 எழுதிய அதே அசைவு. வெளியே வைத்த மூன்றாவது வழியை வாக்கியம் உள்ளே இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு தீர்வுக்கும் இப்படி ஒரு பதிலடி வாக்கியம் காத்திருக்கிறது.

தற்சுட்டையோ மறுப்பையோ மட்டும் குற்றவாளியாக்கலாம் என்றாலும் இரண்டு எதிர்ச்சான்றுகள் உள்ளன. ஹாஸ்கெல் கரி 1942இல் தந்ததில் "பொய்", "அல்ல" என்ற மறுப்பே கிடையாது: "இந்த வாக்கியம் உண்மை என்றால், கடலூரில் கடல் இல்லை." இது உண்மை என்று வைத்துக்கொண்டால், அது சொல்கிறபடி கடலூரில் கடல் இல்லை. ஆக, "இது உண்மை என்றால் கடல் இல்லை" என்பது நிறுவப்பட்டுவிட்டது. வாக்கியம் சொல்வதும் அதுவேதான், எனவே வாக்கியம் உண்மை. எனவே கடலூரில் கடல் இல்லை. இப்படி எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். ஸ்டீபன் யாப்லோவின் 1993 கட்டுரையில் வருவதை ஆட்களை வைத்துச் சொன்னால், முடிவில்லாத வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் "எனக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள்" என்கிறார். யாரும் தன்னைப் பற்றிப் பேசவில்லை, ஆனாலும் யார் உண்மை சொல்கிறார் என்று கேட்டால் முரண்பாடு வருகிறது. இதிலும் மறைமுகத் தற்சுட்டு இருக்கிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

கிரஹாம் பிரீஸ்ட் போன்ற சிலர், பொய்யர் வாக்கியம் உண்மையும் பொய்யும் ஒருங்கே ஆனது என்று ஏற்றுக்கொள்கிறார்கள். முரண்பாட்டிலிருந்து எதையும் வருவிக்கலாம் என்ற தர்க்க விதியை அவர்கள் கைவிடுகிறார்கள். அது பெரிய விலை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் மற்றவர்கள் கொடுக்கும் விலையும் சிறியதல்ல.

## அரசியல் சட்டத்தின் 368ஆம் பிரிவு

இது வகுப்பறைக்கு வெளியேயும் வரும். இந்திய அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் 368ஆம் பிரிவில் இருக்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியாக அரசியல் சட்டத்துக்குள் எழுதப்பட்டதே 1962ஆம் ஆண்டின் 14ஆவது திருத்தம் வழியாகத்தான். சரி, 368-ஐப் பயன்படுத்தி 368-ஐயே திருத்தலாமா?

டென்மார்க் சட்ட அறிஞர் ஆல்ஃப் ரோஸ் 1969இல், ஒரு திருத்த விதி தன் மீதே செயல்படுவது தர்க்கப்படி பொருளற்றது என்று வாதிட்டார். இந்தியாவில் நடந்தது வேறு. 1971ஆம் ஆண்டின் 24ஆவது திருத்தம் 368-ஐக் கொண்டே 368-ஐ மாற்றியது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. கூடவே, அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது என்ற எல்லையை 7 பேர் பெரும்பான்மை வகுத்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் மறுபடியும் 368-க்குள் புகுந்து, திருத்தும் அதிகாரத்துக்கு எந்த வரம்பும் இல்லை, எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்று இரண்டு உட்பிரிவுகளைச் சேர்த்தது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. வரம்புள்ள அதிகாரத்தைப் பெற்றவர், அதே அதிகாரத்தைக் கொண்டு அதை வரம்பற்றதாக்கிக்கொள்ள முடியாது என்பதே காரணம்.

ரோஸ் தற்சுட்டையே கைவிடச் சொன்னார். நீதிமன்றம் தற்சுட்டை அனுமதித்து, அதன் வழியாக எல்லையை அழிப்பதை மட்டும் தடுத்தது. அந்த எல்லை 368-இன் வாசகத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நாடாளுமன்றம் அதை வாசகத்துக்குள் இழுத்து ரத்துசெய்யப் பார்த்தபோது, எல்லை வாசகத்துக்கு வெளியேதான் இருக்கிறது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியே இருக்கும் அந்த எல்லையை வரையறுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைச் சட்ட அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.